சத்தத்துக்கும் முகவரி உண்டு

சேற்றில் வண்டி ஓட்டுவதைவிடச் சுகமான காரியம் ஒன்று உண்டு. சேற்றிலிருந்து திரும்பிய வண்டிக்கு அடியில் போய், அது எங்கே முனகுகிறது என்று தேடிப் பிடிப்பது! இதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்; ஆபீசில் பாவமாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். சக்லேஷ்பூர் காபித் தோட்டத்துச் செம்மண் சரிவில் நாலு சக்கரமும் பிடித்து ஏறும்போது வருகிற உற்சாகம் அன்று சாயங்காலமே வடிந்துவிடும். அந்தச் சரிவு வண்டியின் வயிற்றுக்குள் என்னவெல்லாம் செய்து வைத்திருக்கிறது என்று கலாசிபாளையத்து கேரேஜ் பிட்டுக்குள் நின்று டார்ச் அடித்துப் பார்க்கும் உற்சாகம் இருக்கிறதே, அது வாரக்கணக்கில் ஆறாது. அதற்கென்றே அமைந்த ஊர் பெங்களூர். என்னைக் கேட்டால் இந்தியாவிலேயே இதற்கு நிகரான ஊர் கிடையாது.

என் வண்டி எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் ஜிப்ஸிக் கட்சி, தார் கட்சி, ஜிம்னி கட்சி, கூர்க்கா கட்சி என்று வாசகர்கள் பிரிந்து மோதிக்கொள்வீர்கள். பழைய வண்டி. முன்னும் பின்னும் ஒரே துண்டாகக் கட்டியான ஆக்ஸில். வேண்டும்போது லீவரை இழுத்தால் நாலு சக்கரமும் ஓடும். மற்ற நேரம் பின்சக்கரம் மட்டும். இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சத்தை அதன் சத்தமே சொல்லும்.

முதலில் அந்த வயிற்றுக்குள் ஒரு சுற்று வருவோம். எஞ்சினில் பிறக்கிற முறுக்கு கிளட்ச், கியர்பாக்ஸ் தாண்டி டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட் முன்னே போகிறது, ஒன்று பின்னே போகிறது. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு டிஃபரென்ஷியல். அதிலிருந்து இடமும் வலமும் ஆக்ஸில் ஷாஃப்ட், கடைசியில் சக்கரம். லோ ரேஞ்சில் போட்டால் முறுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, சில வண்டிகளில் அதற்கும் மேல். சேற்றில் வெறுமனே சுழன்றுகொண்டிருந்த சக்கரம் சட்டென்று ஒரு பாறையைக் கவ்வினால் அந்த அடி முழுக்க ஒரே நொடியில் அந்தப் பக்கத்து ஷாஃப்ட்டில் இறங்கும். டிஃபரென்ஷியல் லாக் விழுந்திருந்தால் இன்னும் கடுமை. சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு பக்கமும் சரிபாதி கொடுக்கும். லாக் விழுந்தால் பிடிமானம் இருக்கிற சக்கரமே மொத்தத்தையும் தாங்க வேண்டும். கூர்க்காவில் முன்னும் பின்னும் லாக் இருக்கிறது. 2020இல் வந்த புதிய தாரின் சில மாடல்களில் பின்னால் தானாகவே விழுகிற லாக். ஏறும்போது எவ்வளவு இன்பமோ, இறங்கியபின் அவ்வளவு கேள்விகள்!

கேள்விகளைத் தொடங்குவதற்கு முன் குளிப்பாட்டல். மலைநாட்டு மண் ரிம்முக்குள் ஒரு கைப்பிடி ஒட்டிக் காய்ந்தால் போதும், நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் கைகளை உதறும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் போச்சு, பேரிங் போச்சு என்று மனம் கணக்குப் போடத் தொடங்கும். சக்கரத்தைக் கழற்றி உட்புறத்தை ஒரு குச்சியால் சுரண்டிக் கழுவினால் ஆட்டம் மாயமாகிவிடும்! உலகத்திலேயே மலிவான ரிப்பேர் இதுதான். ஆனால் பிரஷர் வாஷரின் குழாயை ஆயில் சீல், ஹப், ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் இவற்றுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. காட்டாற்றுத் தண்ணீர் நுழையாத இடத்தில் நாமே தண்ணீரை ஏற்றிவிடுவோம்.

குளித்து முடித்த வண்டியில் எங்கள் கேரேஜின் மெக்கானிக் பாய் ஏறி உட்காருகிற காட்சிக்கு டிக்கெட் வைக்கலாம். கன்னடம், உருது, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்துக்குள் ஓட்டுகிறவர். முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: “சார், மொதல்ல அந்தப் பாட்ட நிறுத்துங்க. கண்ணாடிய ஏத்துங்க.” அப்புறம் காலி ரோட்டில் அவர் காட்டும் வித்தையைப் பாருங்கள். ஸ்கேனர் இல்லை, ஸ்பானர் இல்லை. காது, பாதம், உட்காருமிடம், இந்த மூன்றே கருவி.

அவர் வண்டியைக் கேட்கிற முதல் கேள்வி: சத்தம் எஞ்சினோடு போகிறதா, வேகத்தோடு போகிறதா? காலி ரோட்டில் நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருள விடுவார். எஞ்சினை அணைக்க மாட்டார். அணைத்தால் பிரேக் கல்லாகிவிடும். எஞ்சின் சுற்று இறங்கிய பிறகும் சத்தம் அப்படியே தொடர்ந்தால் எஞ்சினும் கிளட்சும் விடுதலை. தேடவேண்டிய பாதையில் பாதி ஒரே நொடியில் கழிந்துவிட்டது!

இரண்டாவது: ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதா, விடும்போதா? அழுத்தினால் ஊளை, விட்டால் அமைதி என்றால் டிஃபரென்ஷியலின் கிரவுன் பினியன் பற்களில் ஓட்டம் கொடுக்கும் முகத்தின் மேல் சந்தேகம். விடும்போது மட்டும் ஊளை என்றால் பற்களின் மறுமுகத்தையும் பினியன் பேரிங்கையும் பார்க்க வேண்டும். காலை வைக்கும்போதும் எடுக்கும்போதும் ‘டங்’ என்று ஒரே ஒரு தட்டல் என்றால் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயிண்ட்டில் ப்ளே விழுந்திருக்கிறது, அல்லது டிஃபரென்ஷியல் பற்களின் இடைவெளி (பேக்லாஷ்) கூடியிருக்கிறது.

மூன்றாவது: எந்தத் திருப்பத்தில்? இடப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் வலச் சக்கரத்துக்குச் சாயும். அப்போது ‘ஹூம்ம்’ கூடினால் வலப்பக்க வீல் பேரிங். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டும்போது ‘டிக் டிக் டிக்’ என்றால் முன்சக்கரத்து சி.வி. ஜாயிண்ட். 1920களில் ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய அமைப்பு அது: ஆறு இரும்புக் குண்டுகள் ஆறு பள்ளங்களில் ஓடி, எந்தக் கோணத்திலும் சீரான ஓட்டத்தைக் கடத்தும். ரப்பர் பூட் கிழிந்து மணல் புகுந்தால் அந்தப் பள்ளங்கள் தேயும். தேய்ந்த பள்ளத்தில் குண்டு தடுமாறுகிற ஒவ்வொரு முறையும் ஒரு டிக்.

நான்காவதுதான் எனக்கு உயிர். லீவரை மாற்றினால் சத்தம் மாறுகிறதா? ஜிப்ஸி போல முன்சக்கரத்தில் ஃப்ரீ வீலிங் ஹப் உள்ள வண்டி என்றால், ஹப்பைத் திறந்துவிட்டால் முன் ஆக்ஸிலுக்குள் எதுவுமே சுழலாது. முன் டிஃபரென்ஷியல், முன் ஷாஃப்ட் எல்லாம் தூங்கும். அப்போது சத்தம் நின்றால் குற்றவாளி முன்பக்கம், நிற்காவிட்டால் பெரும்பாலும் பின்பக்கம். கையால் ஹப்பைத் திருப்புவதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. இவ்வளவு அழகான துப்பறிதலை எந்த நாவலில் படித்திருக்கிறீர்கள்?

அதிர்வுக்கு இன்னும் துல்லியமான கணக்கு ஒன்று இருக்கிறது. டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர் என்றால், 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 10 முறை சுற்றும். டிஃபரென்ஷியல் விகிதம் நாலுக்கு ஒன்று என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 40 முறை. ஆக, கண்ணால் பார்க்கும்படி ஸ்டீயரிங் மெதுவாக ஆடினால் சக்கரத்தைப் பார். சீட்டுக்கு அடியில் தரை ‘ர்ர்ர்’ என்று அடித்தால் ஷாஃப்ட்டைப் பார். பாறையில் உரசி ஒரு சின்ன நெளிவு விழுந்தாலோ, பேலன்ஸுக்காக ஒட்டிய இரும்புத் துண்டு பறந்துபோனாலோ அந்த ‘ர்ர்ர்’ வந்துவிடும். பெங்களூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். 80இல் வருகிற அதிர்வு சில்க் போர்டு சிக்னலில் எப்படித் தெரியும்? நைஸ் ரோட்டுக்குப் போய் டோல் கட்டினால்தான் வண்டி வாயைத் திறக்கும்!

கிராஸைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச அனுமதியுங்கள். என் மனசுக்குப் பிடித்த உறுப்பு. கூட்டல் குறி வடிவில் ஒரு இரும்பு, நாலு முனையிலும் ஊசி பேரிங் நிறைந்த ஒரு கிண்ணம். பதினேழாம் நூற்றாண்டில் ராபர்ட் ஹுக் இதன் நடத்தையை ஆராய்ந்தார். கோணத்தில் மடங்கி ஓடும்போது அது சீராகச் சுற்றாது. 20 டிகிரி மடங்கினால் ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் இரண்டு முறை ஆறு சதவீதம் அளவுக்குக் கூடிக் குறையும். மறுமுனையில் இன்னொரு கிராஸை அதே வாட்டத்தில் வைத்தால் முதலாமது போட்ட ஏற்ற இறக்கத்தை இரண்டாமது அழித்துவிடும். எவ்வளவு எளிமை! அதனால்தான் ஷாஃப்ட்டைக் கழற்றுவதற்கு முன் பாய் இரண்டு பக்கமும் பெயிண்டால் ஒரு கோடு போடுவார். கோடு தவறிப் பூட்டினால் இரண்டு ஏற்ற இறக்கமும் கூட்டுச் சேர்ந்து தரையை உலுக்கும். உயரம் தூக்கும் கிட் மாட்டிய வண்டிகளில் கோணம் கூடுவதால் இந்தத் தொல்லை சீக்கிரம் வரும்.

கிராஸ் மாற்றுவதைக் கண்கொட்டாமல் பார்க்கலாம். சர்க்ளிப்பை எடுத்து, வைஸில் வைத்து, ஒரு பக்கம் சின்ன சாக்கெட், மறுபக்கம் பெரிய சாக்கெட், நெருக்கினால் கிண்ணம் ‘டொக்’ என்று வெளியே. பழைய கிராஸின் முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். ஊசிகள் பதிந்த கோடு கோடான தழும்பு நகத்தில் தட்டுப்படும். அந்த ‘டங்’ சத்தம் பிறந்த இடம் இந்த மயிரிழைப் பள்ளம்தான்! புதிய கிண்ணத்தில் ஊசிகளைக் கிரீஸ் வைத்து ஒட்டி நிறுத்தி, ஒன்றுகூடச் சாயாமல் உள்ளே தள்ள வேண்டும். நிப்பிள் இருந்தால் நாலு முனையிலும் புதுக் கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை கன் அடிக்க வேண்டும். தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு ஒவ்வொரு முறையும் இதைச் செய்தால் பழைய கிரீஸோடு தண்ணீரும் மணலும் வெளியேறிவிடும்.

இந்தச் சாமான்களுக்கு எங்கே போவது? டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் பக்கமாக நடங்கள். ஜே.சி. ரோடு! ஒரு பக்கம் ரவீந்திர கலாக்ஷேத்ராவில் நாடகம், மற்றபடி தெரு நெடுக பேரிங்கும் ஆயில் சீலும் கிளட்ச் பிளேட்டும். பழைய கிராஸைக் கவுண்டரில் வைத்தால் கடைக்காரர் கிண்ணத்தின் விட்டத்தை வெர்னியரால் அளந்து, வண்டிப் பெயரைக் கேட்காமலே பெட்டியை எடுப்பார். ஜிப்ஸி 1985இல் வந்தது, 2019இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. ஆனாலும் அதன் சாமானுக்கு இங்கே பஞ்சம் தெரியவில்லை. புதுசாகக் கிடைக்காத பழைய ஜீப் உறுப்பு என்றால் சிவாஜிநகர் குஜிரிக் கடைகள். அங்கும் இல்லையென்றால் லேத்தில் கடைந்தே கொடுத்துவிடுவார்கள்.

அது சும்மா வந்த கைத்திறன் அல்ல. 1940இல் எச்.ஏ.எல்., 1948இல் ஐ.டி.ஐ., 1951இல் மைக்கோ, 1953இல் எச்.எம்.டி., 1964இல் பி.இ.எம்.எல். என்று விமானமும் டெலிபோனும் டீசல் பம்பும் லேத்தும் மண்வாரி எந்திரமும் செய்த ஊர் இது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை மதிக்கிற பழக்கம் அந்த ஆலைகளின் வாசலைத் தாண்டி பீன்யா தொழிற்பேட்டைக்கும் கலாசிபாளையத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஷாஃப்ட்டைப் பேலன்ஸ் பண்ணுகிற மெஷினில் மாட்டிச் சுழற்றி, எந்த இடத்தில் எத்தனை கிராம் ஒட்ட வேண்டும் என்று சாக்பீஸால் குறித்துத் தருகிறபோது எனக்குக் கைதட்டத் தோன்றும். ஐ.டி. நகரம் என்று பேர் வாங்கிய ஊரின் அசல் மூளை இந்தத் தெருக்களில் கிரீஸ் பூசிக்கொண்டு இருக்கிறது என்பேன்.

அடுத்த விருந்து, ஆயில். பாயின் சட்டம்: டிரெயின் நட்டைத் தொடுவதற்கு முன் ஊற்றுகிற நட்டைக் கழற்றிப் பார். ஆயிலை வடித்தபின் மேல் நட்டு துருப்பிடித்து வராமல் போனால் வண்டி அங்கேயே சிலை. வடிகிற ஆயில் தேன் நிறமாகவோ கறுப்பாகவோ இருந்தால் நல்லது. பால் கூடிப்போன காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புகுந்த விதம் ஒரு பௌதிகப் பாடம். ஏறி ஏறிச் சூடான டிஃபரென்ஷியலைக் குளிர்ந்த ஓடையில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய காற்று பிரீதர் என்கிற மூச்சுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். பிரீதருக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டுபோனால் உறிஞ்சுவது வெறும் காற்றாக இருக்கும். சில அடி குழாயும் ஒரு கிளிப்பும். நாலு சக்கர வண்டிக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான செலவு கிடையாது. தண்ணீர் புகுந்துவிட்டால் வடித்து, புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் வடித்து, மறுபடி ஊற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் பேரிங்கில் துருப்புள்ளி விழும்.

டிரெயின் நட்டின் காந்தத்தைத் துடைத்துவிடாதீர்கள், அதற்கு முன் படியுங்கள்! சாம்பல் நிறப் பசை என்றால் இயல்பான தேய்மானம். ஊசி, சில்லு, பல்லின் மூலை என்றால் உள்ளே சண்டை நடந்திருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயிலில் பொன்துகள் மின்னினால் சிங்க்ரோனைசர் பித்தளை வளையம் கரைகிறது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது, ஆயிலில்தான் தேட வேண்டும். ஹைப்பாய்டு டிஃபரென்ஷியலுக்கு ஜி.எல். 5 ஆயில், பித்தளை வளையமுள்ள பல கியர்பாக்ஸ்களுக்கு ஜி.எல். 4 என்று கையேடுகள் பிரித்துச் சொல்வதும் அந்தப் பித்தளையைக் காக்கத்தான். அந்த வரியைப் பார்க்காமல் டின்னைத் திறக்காதீர்கள்.

நோயே இல்லாத நோய் ஒன்றும் உண்டு. சேற்றை விட்டுத் தார் ரோட்டுக்கு வந்தும் 4எச்சிலேயே, அதாவது நாலு சக்கரமும் ஓடும் ஹை ரேஞ்சிலேயே, ஓட்டினால், திருப்பத்தில் வண்டி யாரோ பிடித்து இழுப்பது மாதிரி முரண்டு பிடிக்கும், லீவரும் வெளியே வராது. நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாத டிரான்ஸ்ஃபர் கேஸ் முன்னையும் பின்னையும் ஒரே சுற்றில் பூட்டிவைக்கிறது; வளைவிலோ முன்சக்கரங்கள் கூடுதல் தூரம் போக வேண்டும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்காது, முறுக்கு ஷாஃப்ட்டுக்குள் ஏறிக்கொண்டே போகும். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், ‘டக்’ என்று முறுக்கு அவிழ்ந்து லீவர் வெண்ணெயாக வரும். கியர்பாக்ஸ் போச்சென்று பதறி வருகிறவர்களை பாய் இப்படிப் பைசா வாங்காமல் அனுப்பிவிடுவார்.

அப்படியும் பிடிபடாத சத்தத்துக்கு ராஜ வைத்தியம், ஷாஃப்ட்டையே கழற்றுவது. முன் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார். சத்தம் இருந்தால் பெரும்பாலும் பின்பக்கம். இரண்டு முனையிலும் ஃபிளேஞ்ச் போட்டுப் பூட்டிய வண்டியென்றால் பின் ஷாஃப்ட்டைக் கழற்றி, 4எச்சில் போட்டு முன்சக்கரத்தால் மட்டும் மெதுவாக ஓட்டியும் பார்க்கலாம். எச்சரிக்கை ஒன்றே ஒன்று: ஷாஃப்ட் இல்லாத பக்கத்துச் சக்கரத்தை கியர் பிடித்து நிறுத்தாது. பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக்கே டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும். ஷாஃப்ட்டைக் கழற்றினால் அதுவும் போச்சு. சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அடியில் போகவே கூடாது.

உச்சக்கட்டம் கிரவுன் பினியன் செட்டிங். இரண்டும் ஜோடியாக உரசிப் பொருத்தப்பட்டவை. மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பல்லில் நீலப் பசையைத் தடவி, கையால் சுற்றி, பதிகிற தடத்தைப் பார்ப்பார் பாய். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனிக்கோ அடிக்கோ ஓடினால் பினியனுக்கு அடியில் ஷிம் என்கிற மெல்லிய தகட்டை மாற்ற வேண்டும். டயல் கேஜில் பேக்லாஷ் பல வண்டிகளில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு, அவ்வளவே. கழற்று, ஷிம் மாற்று, பூட்டு, நீலம் தடவு, மறுபடி கழற்று. சலிக்கவே மாட்டார். தடம் நடுவில் விழுந்ததும் “நோடு சார்!” என்று டார்ச்சை என் கையில் கொடுத்தபோது நான் கூச்சலே போட்டுவிட்டேன்.

இதெல்லாம் பார்த்த பிறகு ஓட்டுகிற காலே மாறிவிடுகிறது என்பதுதான் பெரிய லாபம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற ஜீப்காரர்களையும், குடகில் மாந்தல்பட்டிக்கு ஏற்றுகிறவர்களையும் கவனியுங்கள். தேர்ந்த கைகள் லோ ரேஞ்சில் நடைவேகத்தில் ஊர்வார்கள், சக்கரம் சுழல ஆரம்பித்ததும் காலை எடுத்துவிடுவார்கள். ஒரு கிராஸின் தழும்பை நகத்தால் தடவிப் பார்த்தவனுக்கு அந்தக் கால் தானாக வரும். ஆகவே அடுத்த மழைக்குத் தோட்டக்காரரின் அனுமதியோடு சேற்றில் இறங்கி ஆசைதீர ஆடுங்கள். திரும்பி வந்ததும் சாவியை மெக்கானிக்கிடம் வீசிவிட்டு ஓடாமல், ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு நீங்களும் பிட்டுக்குள் இறங்குங்கள். பாதி ஆட்டம் அங்கேதான் இருக்கிறது, அதை எதற்கு இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?